அப்புறம் மேடம்

அந்த மேடத்திடம் ஜோக் சொல்வதும் சுவரில் பந்து அடிப்பதும் ஒன்று என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவர் பந்தைத் திருப்பியாவது தரும். இவர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "இது யாருது? எங்கேருந்து வந்துச்சு?" என்று விசாரணை நடத்துவார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் போதும்: ஃபிர் மேடம். பாம்பூஃப்ளாட்டில் இருக்கிற எங்கள் பள்ளியில் வீட்டுக்கு ஒரு மொழி. தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் என்று அவரவர் அம்மாவிடம் பேசிவிட்டு, வாசலைத் தாண்டியதும் எல்லாரும் தீவு இந்திக்கு மாறிவிடுவார்கள். அந்த இந்தியில் 'ஃபிர்' என்றால் 'அப்புறம்'. இவர் கணக்கு டீச்சர். யார் எதைச் சொல்லி முடித்தாலும் ஒரு நொடி விட்டு, "ஃபிர்?" என்பார். எங்களைப் போன்ற தமிழாட்களிடம், "அப்புறம்?"

கதை கேட்கிறவர்களின் 'அப்புறம்' இல்லை அது. வலிக்கிற பல்லைக் காட்டிய பிறகும், பல் டாக்டர் ஒரு கம்பியை எடுத்துப் பக்கத்துப் பல்லையெல்லாம் தட்டிக்கொண்டே போவாரே, அந்த 'அப்புறம்'.

காலையில் சாத்தம் ஜெட்டிப் படகுத்துறையிலிருந்து பாம்பூஃப்ளாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒரே ஃபெர்ரியில்தான் போவோம். அவர் ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில், குடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்பார். நான் லைஃப் ஜாக்கெட் அடுக்கியிருக்கும் இடத்தை ஒட்டி உட்காருவேன். எந்த ஜாக்கெட்டில் வார் அறுந்திருக்கிறது என்பது படகுக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "சாருக்குக் கப்பல் மேல ரொம்ப இஷ்டம் போல," என்பார்கள். "போன ஜென்மத்துல கேப்டன்," என்று சொல்லிவைத்திருந்தேன். ஊரில் வாடகைக்கு வீடு பார்த்தபோதும் மேட்டில், அதுவும் மேல் மாடியாகப் பார்த்தேன். காற்றோட்டமாம். காய்கறிப் பையோடு படியேறும் என் மனைவிக்கு மட்டும் அந்தக் காற்று ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒருநாள் ஃபெர்ரியில் கயிறு போடுகிற ஆள், எல்லாரிடமும் சொல்கிற மாதிரி, "கைசே ஹோ மேடம்?" என்று நலம் கேட்டுவிட்டு நகரப் பார்த்தார்.

"டீக் நை," என்றார் மேடம். நன்றாக இல்லையாம். முழங்கால் வலி, குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது, அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "தும் கைசே ஹோ?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஆள் பல்லைக் காட்டி, "டீக் டாக்," என்றார், எல்லாம் நலமாம்.

"ஃபிர்?"

அவ்வளவுதான். ஜெட்டி வந்து, ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்து, கயிறு போட ஆளைக் காணாமல் மேலேயிருந்து ஒருவர் கத்தும்வரை, அந்த மனிதர் மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்த ஃபெர்ரியில் மேடத்தைப் பார்த்தால் எல்லாரும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். கயிறு போடுகிறவர் மட்டும் வந்து நின்று அடுத்த வரனைப் பற்றிச் சொல்வார்.

"ஒரு மரியாதைக்குக் கேக்கறாங்க மேடம். அதுக்குப் போய் கூரை ஒழுகறதெல்லாமா சொல்றது?" என்றேன்.

"கேக்க வேண்டாமே. யாரு கேக்கச் சொன்னா? கேட்டா நிக்கணும் சார். பெல் அடிச்சிட்டு ஓடற பசங்களுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அவரைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். சகிக்க முடியாத பெண்மணி. தலைவலி என்று ஸ்டாஃப் ரூமில் படுத்துவிட முடியாது. சிரித்துக்கொண்டும் இருக்க முடியாது, "என்ன சார் இவ்வளவு சிரிப்பு, வீட்டுல பிரச்சினையா?" என்பார். ஒருமுறை ஒரு பையன் வீட்டுக்கணக்கு போடாமல் வந்தான். நாங்களாக இருந்தால் திட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவோம். இவர் ஃபிர், ஃபிர் என்று போய், மரம் விழுந்து அவன் வீட்டு ஒயர் அறுந்ததையும், அவன் அம்மா ஆபீசுக்கு நடையாய் நடப்பதையும் கண்டுபிடித்தார். மறுநாள் மின்சார ஆபீசில் போய் நின்றார். அங்கிருந்த என்ஜினியர் இவரிடம் படித்தவராம். வாசலில் "ஃபிர்?" என்ற குரல் கேட்டதும், ஃபைலோடு எழுந்து நின்றுவிட்டாராம். அன்று மாலையே ஒயர் வந்தது. அதற்கடுத்த நாளும் பையன் கணக்குப் போடவில்லை. "இப்ப லைட் இருக்குல்ல? இப்ப என்ன?" என்று அவனை அவர் திட்டிய திட்டு ஜெட்டிவரை கேட்டது.

சரி, என் கோழிக்கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது.

சுனாமி வந்த அன்று நான் வண்டூரில் அக்கா வீட்டில் இருந்தேன். மீசை சரியாக முளைக்காத வயது. நிலநடுக்கம் முடிந்து எல்லாரும் வாசலில் நின்று, யார் வீட்டில் எந்தப் பாத்திரம் விழுந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் முழங்கால்வரை வந்தது. திரும்பிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பவளப்பாறை வெளியே தெரிய, மீன்கள் துள்ள, அதை வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். யாரோ "பாகோ!" என்று கத்தினார்கள். ஓடினேன். மேட்டில் போய் நின்று குனிந்து பார்த்தால், என் அக்குளில் ஒரு கோழி! யார் வீட்டுக் கோழி, எப்போது பிடித்தேன், ஒன்றும் தெரியாது. கோழி என்னைப் பார்த்தது. நான் கோழியைப் பார்த்தேன். இந்த இடத்தில் கழுத்தை ஒரு பக்கமாக வெட்டிக் கோழியின் முகத்தைச் செய்து காட்டுவேன். சிரிக்காத ஆள் கிடையாது. கல்யாண வீடுகளில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லச் சொல்வார்கள்.

மேடம் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டின்போது, வரவேற்பு மாதிரி இதைத்தான் எடுத்துவிட்டேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டார்:

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், குழம்புதான்!"

இன்னொரு முறை சிரிப்பு.

"நான் கோழியைக் கேக்கல," என்றார்.

நான் கை கழுவப் போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் கை கழுவியதில்லை.

அவர் கேம்பல் பேக்காரர். பட்டாளத்தில் ஓய்வுபெற்றவர்களைக் கொண்டுபோய் கிரேட் நிக்கோபாரில் குடியேற்றினார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்று. கேம்பல் பே என்றால் சுனாமிக் காலையில் அங்கே என்ன நடந்தது என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

நான் சமூக அறிவியல் வாத்தியார். பள்ளியில் பேரிடர் ஒத்திகைக்கும் நான்தான் பொறுப்பு. பயந்தாங்கொள்ளியிடம் அந்த வேலையைக் கொடுத்தால் எப்படிச் செய்வான்? உயிரைக் கொடுத்துச் செய்வான். "கடல் பின்னால போனா?" என்று நான் கத்த, பள்ளியே "பாகோ!" என்று கத்தும். "பையை?" "சோடோ!" "சின்னப் பிள்ளையை?" "பகடோ!" ஓடு, விடு, பிடி. பெரிய வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓட வேண்டும். நடுவில் கோழி மாதிரியும் ஓடிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு விழா. எனக்கு அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஜோக்தான் சொல்லியிருப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்து உத்தரவு வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் இனி சமூக உணர்வுக் கல்வி. பிள்ளைகள் தங்கள் மனதில் ஓடுவதை அறிய வேண்டும், சொல்ல வேண்டும், அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாஃப் ரூமில் ஒரே புலம்பல். சிலபஸே முடியவில்லை, இதில் ஃபீலிங்ஸ் வேறா? "எனக்கு இப்பவே ஒரு ஃபீலிங் வருது, பசி," என்றேன் நான். மேடம் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"சிரிக்காதீங்க சார்! எத்தனை மீட்டிங்ல இதுக்காகக் கத்தியிருக்கேன்? கூட்டல் சொல்லித்தர்றோம், கழித்தல் சொல்லித்தர்றோம். கோபம் வந்தா என்ன பண்றதுன்னு எவன் சொல்லித்தர்றான்? வீட்டுலயா? வீட்டுல இருக்கறவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அதற்கு வந்த கையேட்டை அவர்தான் முதலில் வாங்கிப் போனார். உப்புத்தண்ணீர் தெறிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஃபெர்ரியில் நின்றபடியே படித்தார். ஒரு மனுஷி கையேட்டைக் காதல் கடிதம் மாதிரி படித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு பெட்டி வந்தது. அட்டையில் வெட்டிய முகங்கள், துணிக்கு மாட்டும் கிளிப்புகள், ஒரு பென் டிரைவ். முகங்களை வராந்தாப் பலகையில் ஒட்டினோம். மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம். காலையில் உள்ளே வரும் பிள்ளை, பெயர் எழுதிய தன் கிளிப்பை அன்றைய முகத்தில் மாட்ட வேண்டும். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரம் பிரின்சிபால் வந்து பலகை முன் நின்றார். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கொள்ளுத்தாத்தா கைதியாக வந்தவர் என்று பெருமையாகச் சொல்வார். கெட்டவர் இல்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருடைய நிரந்தர வியாதி.

"அரே, கோபத்துல இவ்வளவு கூட்டமா? விசிட்டர்ஸ் வந்தா என்ன நினைப்பாங்க? மானிட்டர், எல்லாத்தையும் ஹேப்பிக்கு மாத்துடா."

மாற்றினார்கள். தினமும் பள்ளி தொடங்கிச் சிறிது நேரத்தில் எங்கள் பள்ளியே ஆனந்தத்தில் மிதந்தது. இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது, சொல்லு, சொல்லு என்று பிள்ளையின் வாயைத் திறக்க வைக்க வேண்டியது. திறந்ததும் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "ம், இப்ப சிரி," என்று சொல்ல வேண்டியது. இதற்குப் பேர் கல்வியா?

ஏழாம் வகுப்பில் ஒருத்தி. தினமும் பயத்தில் மாட்டுவாள். மானிட்டர் எடுத்து மகிழ்ச்சியில் மாட்டுவான். மேடம் வந்து எடுத்துத் திரும்பப் பயத்தில் மாட்டுவார். கடைசியில் பிரின்சிபாலே வந்து நின்றார்.

"போர்டுலதானே மேடம்? ஒரு கிளிப்புக்காக ஏன் இவ்வளவு கஷ்டம்?"

"அவளைக் கேட்டீங்களா சார்?"

"என்னத்தைக் கேக்கணும்?"

"பயம்னு எழுதி உங்க மூஞ்சி முன்னாடி மாட்டியிருக்கா. எதுக்குப் பயம்னு கேட்டீங்களா?"

கேட்டது மேடம்தான். ஃபெர்ரிக்கும் ஜெட்டிக்கும் நடுவே ஒரு இடைவெளி வருமே, தண்ணீர் ஏறி இறங்கும்போது அகலமாகும், குறுகும். ஒருமுறை அவள் கால் அதில் நழுவியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவளுக்கு அங்கேதான் விடிகிறது. மேடம் மறுநாளிலிருந்து இறங்குகிற இடத்தில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் கை பிடித்து இறக்கிவிட்டார். வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார் என்று ஸ்கூட்டர்காரர்கள் கத்தினார்கள். அவர் திரும்பக் கத்தினார். கொஞ்ச நாளில் கயிறு போடுகிறவர், "ஹட்டோ மேடம், மை கர்த்தா ஹூம்," என்று அந்த வேலையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாரம் அவள் கிளிப் பயத்தை விட்டுக் கோபத்துக்குப் போனது. தம்பி பென்சிலை உடைத்துவிட்டானாம். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பாத்தீங்களா சார், முன்னேற்றம்," என்றார்.

இதற்கெல்லாம் பள்ளியில் ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும் என்றார்கள். யாரைப் போடுவார்கள்? உயிரைக் கொடுத்துக் கையேடு படித்தவரையா? "நீங்கதான் எப்பவும் சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க," என்று பிரின்சிபால் என்னைப் போட்டார்.

எங்களுக்குப் பயிற்சி தர மெயின்லேண்டிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், வெள்ளைச் சிரிப்பு. ஆசிரியர்களையெல்லாம் ஹாலில் உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு அட்டை முகத்தைக் கொடுத்துக் கண்களை மூடச் சொன்னான். பென் டிரைவைச் சொருகினான். இந்தியில் தேன் வடியும் ஒரு பெண் குரல். நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள். மூச்சை இழுங்கள். அலை வருகிறது, உங்கள் கால்களை நனைக்கிறது. மூச்சை விடுங்கள். அலை பின்வாங்குகிறது. தூரமாக... இன்னும் தூரமாக... கடல் உங்கள் கவலைகளை எடுத்துக்கொண்டு போகிறது...

கண்ணைத் திறந்தபோது தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. அக்குளில் ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தேன். மகிழ்ச்சி. அன்று கோழி, இன்று மகிழ்ச்சி.

இறங்கி வந்து, "வயிறு சரியில்ல, அவசரம்," என்றேன். கோழி முகத்தைச் செய்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பயிற்சிப் பையனிடம் திரும்பினார்.

"யாருப்பா இதை எழுதினது? தீவுக்கு வந்திருக்காங்களா?"

"மேடம், கடல் சத்தம் எல்லாருக்கும் அமைதி தரும்..."

"எல்லாருக்கும்னா எங்களைச் சேர்த்தா, சேர்க்காமயா? கடல் பின்னால போகுது, போகுதுன்னு சொல்லிட்டு, எங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நிக்கச் சொல்றீங்க!"

பையன் முகம் வெளுத்துவிட்டது. பாவம், அவனுக்கு நிஜமாகவே தோன்றவில்லை. "மாத்திடலாம் மேடம்," என்றான். பிரின்சிபால்தான் குறுக்கே வந்தார்.

"மாத்த முடியாது. மேலேருந்து வந்தது. அடுத்த வாரம் பெரிய டீம் பார்க்க வருது. இதே ஆடியோதான், மொத்த ஸ்கூலுக்கும். சார் மைக்ல நின்னு நடத்துவார்."

சார் என்றால் நான்.

அந்த வாரம் முழுவதும் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. மைக் முன்னால் நின்று அந்தக் குரலைக் கேட்டால் என் கால்கள் என்னிடம் அனுமதி கேட்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வாத்தியார்கள் முன்னால் ஓடினால் வயிற்றுப்போக்கு என்று சமாளிக்கலாம். மொத்தப் பள்ளியும் பார்க்க ஓடினால்? அதன்பிறகு எந்த வகுப்பில் போய் நிற்பது? ஃபெர்ரியில் முதல்முறையாக லைஃப் ஜாக்கெட்டை விட்டு எழுந்து மேடத்திடம் போனேன்.

"அன்னிக்கு எனக்குப் பதிலா நீங்க மைக்ல நிக்கறீங்களா மேடம்? எனக்குத் தொண்டை..."

"பயமா இருக்குன்னு பிரின்சிபால்கிட்ட சொல்லுங்க."

"சிரிப்பாங்க மேடம்."

"ஓஹோ! ஏழாம் வகுப்புப் பிள்ளை போர்டுல மாட்டணும். நீங்க சொல்லக்கூடாது? அவளுக்கு என்ன வயசு, உங்களுக்கு என்ன வயசு? வெட்கமா இல்ல?"

அவருக்கு என் மேலும் கோபம். ஜெட்டி வரும்வரை திட்டினார். நான் போய்ப் பிரின்சிபாலிடம் சொல்லவில்லை. எனக்கு மேடம் மேல் அதைவிடக் கோபம். சும்மா இருந்தவனைப் போட்டுத் தோண்டுகிறாரே என்று.

அந்த நாள் வந்தது. மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் மெயின்லேண்டிலிருந்து வந்த குழு, கழுத்தில் மாலை, கையில் இளநீர். பலகையில் ஒரு கிளிப் பாக்கியில்லாமல் மகிழ்ச்சி. பிள்ளைகள் தரையில் வரிசையாக, கண்களை மூடிக்கொண்டு. நான் மைக் ஸ்டாண்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். பார்த்தவர்கள் ஈடுபாடு என்று நினைத்திருப்பார்கள். பிடித்திருக்காவிட்டால் ஏற்கனவே மேட்டில் இருந்திருப்பேன்.

குரல் தொடங்கியது. நீங்கள் கடற்கரையில் நிற்கிறீர்கள். மூச்சை இழுங்கள். ஸ்டாண்டைக் கட்டிக்கொள்ளாத குறை. அலை பின்வாங்குகிறது. தூரமாக... இன்னும் தூரமாக... கடல் போய்க்கொண்டே இருக்கிறது...

ஆடியோவில் ஒரு சிறிய மௌனம் வந்தது. அந்த மௌனத்தில், பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து, சத்தம் உயர்த்தாத சாதாரணக் குரலில் மேடம் கேட்டார்:

"ஃபிர்?"

வேண்டுமென்றே கேட்டாரா, பழக்கத்தில் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் 'ஃபிர்' என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது மட்டும் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் தெரியும்.

"பாகோ!"

மொத்தப் பள்ளியும் ஒரே குரலில். கண்கள் திறந்தன. பைகள் அப்படியே கிடந்தன. ஒவ்வொரு பெரிய கையும் ஒரு சின்னக் கையைப் பிடித்தது. தள்ளுமுள்ளு இல்லை, அலறல் இல்லை. நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தது அத்தனையும் என் கண் முன்னால் எழுந்து, பந்தலைத் தாண்டி, மேட்டைப் பார்த்து ஓடியது. சமையல்காரம்மா கரண்டியோடு ஓடினார். குழுவை அழைத்து வந்த உள்ளூர் டிரைவர் ஜீப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் என்னைப் பார்க்காமல், எல்லாரோடும் சேர்ந்து ஓடினேன். மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தால், எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தவர் பிரின்சிபால். முகத்தில் ரத்தமில்லை. கடலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "ஆதத் ஹை," என்றார், பழக்கமாம். நான் கேட்கவேயில்லை.

கீழே பந்தலில் இளநீரோடு குழு மட்டும் உட்கார்ந்திருந்தது. அந்தத் தேன் குரல் காலி மைதானத்தைப் பார்த்து, மூச்சை விடச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. நிகழ்ச்சியைக் குலைத்ததற்கு மேடத்துக்கு மெமோ. பிள்ளைகள் கைகோத்து ஓடும் போட்டோவோ, குழுவின் அறிக்கையில் அட்டைப் படம். மாணவர்களிடையே பரஸ்பர அக்கறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாம்! ஆடியோவை எடுத்துவிட்டு மழைச் சத்தம் போட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. அடுத்த மாற்றல் பட்டியலில் மேடத்துக்குக் கேம்பல் பே. எங்கள் இலாகாவில் அது தண்டனை என்றுதான் எல்லாரும் நினைப்போம். "என் ஊருக்கு என்னை அனுப்பறதுக்கு இவங்களுக்கு இவ்வளவு கோபம் வேண்டியிருக்கு," என்று சொல்லிவிட்டுக் குடையோடு கப்பலேறினார். பிள்ளைகளைப் பேசவைக்க வேண்டும் என்று அந்தப் பள்ளியில் நிஜமாக நினைத்த ஒரே ஆளை அனுப்பிவிட்டு, முகங்கள் ஒட்டிய பலகைக்குக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள். கிளிப்பை நகர்த்தவே முடியாது இப்போது.

ஆனால் அன்று மேட்டில் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை.

மேடம் முழங்கால் வலிக்காரர் என்பதால் கடைசியாகத்தான் ஏறி வந்தார். பிரின்சிபால் பிள்ளைகளை எண்ணி வரிசையாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நான் தொட்டியின் பின்பக்கம், குழாய் மேல் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், இந்தத் தடவை கோழி கிடைக்கல..." கழுத்தை வெட்டினேன். கோழி முகம் வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. நகரவுமில்லை.

"அது அத்தான் கோழி மேடம்," என்றேன். "முதல் தண்ணி வந்தப்பவே டிங்கிப் படகு அவுத்துக்கிச்சு. அதைக் கட்டறதுக்கு அத்தான் இறங்கினார். கோழி ஒண்ணு அவர் காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. பிடிச்சு என் கையில குடுத்து, 'இதை வெச்சுக்கடா, கட்டிட்டு வந்துடறேன்'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் வரல."

கீழே யாரோ அந்தத் தேன் குரலை நிறுத்தினார்கள். குழாயில் கொஞ்சம் இடம் விட்டேன். அவர் உட்கார்ந்தார்.

"குழம்பெல்லாம் வைக்கல மேடம். அக்கா அதை அடிக்க விடவே இல்ல. அது பாட்டுக்கு இருந்து, வயசாகித்தான் செத்துச்சு."

"ம்," என்றார். கீழேயிருந்து யார் யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள். பெரிய குழு காத்திருக்கிறது என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. என் கை அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்கு நிறைய நேரம் ஆயிற்று.

அடங்கிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை காலம் ஒரே ஃபெர்ரியில் போய் வந்திருக்கிறோம்.

"நீங்க மேடம்? கேம்பல் பேல... அன்னிக்கு?"

அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பட்டனைப் போட்டார், எடுத்தார்.

"ஃபெர்ரிக்கு நேரமாச்சு சார்."

அப்போது உச்சிவெயில். மாலை ஃபெர்ரிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"அப்புறம்?" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தன் கம்பி தன் பல்லிலேயே பட்ட டாக்டர் மாதிரி. முதலில் கோபம் வந்தது. பிறகு, நான் பார்த்தவரையில் முதல்முறையாக, சிரித்தார். அப்புறம் சொன்னார்.

என்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன். அவர் பெயரை எழுதாததும் அதனால்தான். கேட்டது நான். பலகையில் மாட்டுவதற்காகக் கேட்கவில்லை.